கைக்கெட்டும் பைனாகுலர்

டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில கூடி, மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு யமுனைக் கரைக்குச் செல்வது எங்களிடையே சில ஆண்டுகளாக இருந்து வரும் வழக்கம். ஓக்லா அணைக்கு மேல்புறத்தில் ஆறு ஓர் ஏரிபோல் விரிந்து கிடக்கிறது. 1990-ஆம் ஆண்டில் அவ்விடம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்போது அதன் பெயராலேயே ஒரு மெட்ரோ நிலையமும் இருப்பதால் போய்வரப் பெருஞ்செலவு இல்லை. காலைப் பலகாரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு, ஏழு மணிக்குக் கரைமேல் நின்றால், குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து இறங்கிய வாத்துக் கூட்டங்களைக் காணலாம்.

காணலாம் என்றோம். அதில்தான் சிக்கல். பறவைகள் இருப்பது நீரின் நடுவே. நாம் நிற்பது கரையில். இருநூறு முந்நூறு அடிக்கு அப்பால் மிதப்பது வாத்தா, நாமக்கோழியா, ஆகாயத்தாமரையின் திட்டா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடிவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கரும்புள்ளிகளைக் காட்டி, அது ஊசிவால் வாத்து, இது தட்டைவாயன் என்று சொன்னால், அப்பிள்ளை நமக்காகத் தலையை ஆட்டிவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பார்க்கும். அது அதன் குற்றமன்று.

இந்நிலையில், எங்களுள் ஒருவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது, பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ரூ. 60,000 கொடுத்தார். அதனைக் கொண்டு பைனாகுலர் வாங்குவது என்று அன்றே முடிவாயிற்று. எத்தகைய பைனாகுலர், எத்தனை என்பதில்தான் இரண்டு மாதம் வழக்கு நடந்தது. அவ்வழக்கில் நாங்கள் கற்றவற்றையே இன்று நேயர்கள் முன் வைக்கிறோம். மும்பையிலோ கொல்கத்தாவிலோ நாகபுரியிலோ இருந்துகொண்டு, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ ஒன்று வாங்கலாமா என்று எண்ணுவோருக்கு இது பயன்படலாம். இருகண் நோக்கி என்று தமிழில் அழகாகச் சொல்லலாம். எனினும் கடையிலும் வீட்டிலும் வழங்கும் பெயரையே நாமும் வழங்குவோம். கம்பெனிகளின் பெயர்களைச் சொல்லி இதனை வாங்குங்கள், அதனை விடுங்கள் என்று கூறுவது இத்தகைய பேச்சுக்கு மரபன்று. அன்றியும், வில்லையின் இயல்பை அறிந்தவருக்குப் பெயர்ப்பலகை அவ்வளவு வேண்டியதும் இல்லை.

எங்களுள் ஒரு கட்சியார் கூறியது இது: “வாங்கினால் உயர்ந்ததாக வாங்க வேண்டும். மட்டமானதை வாங்கி மூன்று ஆண்டில் எறிவதைவிட, இன்னும் நிதி திரட்டி, தலைமுறைக்கும் நிற்கக்கூடிய ஒன்றை வாங்கிவிடலாம்.” ஐரோப்பாவில் செய்யப்படும் முதல்தரமான பைனாகுலர் ஒன்றின் விலை இன்று ரூ. 2,00,000-க்கு மேல். மற்றக் கட்சியார் கேட்டது ஒன்றுதான்: “அத்தனை விலையுள்ள பொருளைப் பத்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் மாட்ட யாருக்கு மனம் வரும்?” இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. நியாயம் இருபுறமும் இருக்கும்போது பேச்சு நீளுகிறது.

எனவே, முதலில் இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது என்று தீர்மானித்தோம்.

பைனாகுலரின் மேல் 8×42 என்றாற்போல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். 400 மீட்டருக்கு அப்பாலுள்ள பறவை 50 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும் என்பது 8-இன் பொருள். இரண்டாம் எண், பறவையை நோக்கி இருக்கும் பெரிய வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒன்று கிடைக்கும்: 42-ஐ 8-ஆல் வகுக்க 5-க்குச் சற்று மேல். பைனாகுலரைக் கைக்கெட்டிய தூரத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், கண் வைக்கும் வில்லையின் நடுவில் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். அவ்வட்டத்தின் அளவுதான் இது. நம் கண்மணி பகல் வெளிச்சத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும். இருட்டில் இளைஞர்களுக்கு 7 வரையிலும் விரியும். அறுபதைக் கடந்தோருக்குப் பெரும்பாலும் 5-ஐத் தாண்டாது. ஒளிவட்டம் கண்மணியைவிடப் பெரிதாயிருந்தால் மிச்ச ஒளி கண்ணுக்குள் புகுவதில்லை. சிறிதாயிருந்தால் காட்சி மங்குகிறது. ஆகவே அதிகாலைக்கும் அந்திக்கும் 5 போதும். நடுப்பகலில் மட்டும் பார்ப்பவருக்கு 3-கூடப் போதும்.

உருப்பெருக்கம் மிகுந்திருந்தால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றிற்று, அதற்கு விலையும் கொடுத்தோம். நிதி கிடைப்பதற்கு முந்திய ஆண்டில், எங்களுள் ஒருவர் ஒரு நடைபாதைக் கடையில், 20 முதல் 180 மடங்கு வரை பெரிதாக்கும், 100 மில்லிமீட்டர் வில்லையுள்ளது என்று பெட்டிமேல் எழுதியிருந்த ஒன்றை ரூ. 1,800-க்கு வாங்கிவந்தார். வில்லைகள் மாணிக்கம்போல் சிவந்து மின்னின. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கரைக்குப் போய்ப் பார்த்தால், யமுனையும் வாத்தும் வானமும் பச்சை நிறத்தில், ஒரு நிலைகொள்ளாமல் ஆடின. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது வில்லை 25 மில்லிமீட்டர்கூட இல்லை. சிவப்பு ஒளியைத் திருப்பி எறிவதால்தான் அப்பூச்சு சிவப்பாக மின்னுகிறது. எறிந்த சிவப்பு கண்ணுக்கு வராததால் காட்சி பச்சையாகிறது. வாங்கியவர் அதனை இன்றும் வைத்திருக்கிறார். விருந்தினர் யாரேனும் பைனாகுலர் வாங்கப்போவதாகச் சொன்னால் எடுத்துக் காட்டுகிறார்.

மெய்யாகவே 12 மடங்கு, 16 மடங்கு பெரிதாக்கும் நல்ல கருவிகள் இல்லாமலில்லை. ஆயினும் பறவை பெரிதாகும்போது நம் கையின் நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகிறது. மூச்சு விடுவதும் நாடித் துடிப்பும் தெரியும். முக்காலியின்றிக் கையில் பிடித்துப் பார்க்க 8 மடங்கு சௌகரியம். கை உறுதியுள்ளவர்களுக்கு 10 மடங்கு. மற்றொன்றும் உண்டு. உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் புலம் குறுகும். அகன்ற பார்வையுள்ள 8 மடங்குக் கருவியில் 100 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 14 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் அடங்கும். 12 மடங்கில் அடங்குவது அதைவிடக் குறைவு. பறக்கும் மீன்கொத்தியைத் தேடிப் பிடிப்பது பிள்ளைக்குக் கடினமான வேலை. சன்னல் பெரிதாயிருந்தால் அவ்வேலை எளிது.

இனி விலையைப் பற்றி. இரண்டு பைனாகுலர்கள், இரண்டும் 8×42, ஒன்று ரூ. 8,000, மற்றது ரூ. 2,50,000. எங்கே போகிறது அத்தனை பணமும்?

தொலைநோக்கி தோன்றியது 1608-இல், ஹாலந்து தேசத்தில். விண்ணப்பம் போட்ட லிப்பர்ஷே என்னும் கண்ணாடிக்காரரிடம் அந்நாட்டு ஆட்சிமன்றத்தார், ஒரு கண்ணால் பார்ப்பது போதாது, இரு கண்ணாலும் பார்க்குமாறு செய்து தாரும் என்று அப்போதே கேட்டார்கள். அவரும் செய்து கொடுத்தார். எனினும் இரண்டு குவிவில்லைகளைக் கொண்ட குழல், காட்சியைத் தலைகீழாகக் காட்டும். அதனை நிமிர்த்த வேண்டுமானால் குழல் நீளும். இத்தாலி நாட்டுப் போர்ரோ என்பவர் 1854-இல் கண்ணாடிப் பட்டகங்களைக் கொண்டு ஒளியை மடக்கி, நீளத்தையும் குறைத்துக் காட்சியையும் நிமிர்த்தும் வழியைக் கண்டார். அவ்வழியில் செம்மையான கருவி சந்தைக்கு வர மேலும் நாற்பது ஆண்டு ஆயிற்று: 1894-இல் ஜெர்மனியில் அபே என்னும் அறிஞரின் வடிவில் ஸைஸ் நிறுவனத்தார் விற்கத் தொடங்கினார்கள். முன்புறம் அகன்று, கண்புறம் குறுகி, தோள் புடைத்தாற்போல் பழைய திரைப்படங்களில் இராணுவ அதிகாரிகள் வைத்திருப்பார்களே, அதுவே அவ்வடிவம்.

மற்றொரு வகை நேர்க்குழல் வகை. அதனுள் இருப்பது கூரைப் பட்டகம். வீட்டுக் கூரைபோல் இரு சரிவுகள் சேரும் விளிம்பு அதற்கு உண்டு. பார்ப்பதற்கு ஒல்லியாக, பிடிப்பதற்கு இசைவாக இருக்கும். ஆனால் அவ்விளிம்பை மிக நுட்பமாகத் தீட்ட வேண்டும். ஒளி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும்போது அலைகள் முன்பின்னாகி நுண்மை குன்றும். அதனைச் சரிசெய்ய ஒரு தனிப் பூச்சு 1988-இல்தான் வந்தது. அன்றியும் வழக்கமான கூரைப் பட்டகத்தின் ஒரு முகத்துக்குக் கண்ணாடிக்கு இரசம் பூசுவதுபோல் பூச்சுத் தேவை. போர்ரோ பட்டகத்துக்கு இவ்விரண்டும் வேண்டா. ஒளி தானாகவே முழுமையாகத் திரும்பும். ஆதலால், ரூ. 6,000 முதல் ரூ. 12,000 வரை செலவிடக்கூடியவருக்கு எங்கள் யோசனை இது: அவ்விலையில் நேர்க்குழலின் அழகில் மயங்காமல், தோள் புடைத்த பழைய போர்ரோ வடிவத்தையே கேளுங்கள். அதே பணத்துக்கு அது கூர்மையாகக் காட்டும். ரூ. 15,000-ஐக் கடந்தால் அலைத்திருத்தப் பூச்சுள்ள நேர்க்குழல்கள் கிடைக்கின்றன. அப்போது கணக்கு வேறு.

பூச்சைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலரின் ஒரு குழலில் பத்துப் பன்னிரண்டு முகங்கள் இருக்கும். பன்னிரண்டு முகம் கடந்த ஒளியைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 61 பங்குதான் கண்ணுக்கு வந்து சேரும். எஞ்சியது வீணாவதோடு நிற்பதில்லை. உள்ளேயே அங்குமிங்கும் மோதிக் காட்சியை வெளுக்கச் செய்யும். எல்லா முகங்களிலும் பல அடுக்குப் பூச்சிட்டால் முகமொன்றுக்கு அரைப் பங்குகூடப் போவதில்லை. பெட்டியில் பூச்சு என்று மட்டும் எழுதியிருந்தால் எங்கோ ஒரு முகத்தில் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். எல்லா முகங்களிலும் பல அடுக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டகம் எக்கண்ணாடியால் ஆனது என்பதையும் கேட்கலாம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் முன்பு கூறிய ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழுவட்டமாக இருந்தால் நலம். ஓரங்கள் வெட்டுண்டு, நாற்சதுரச் சாயலாகத் தெரிந்தால் அது தாழ்ந்த கண்ணாடி.

இவ்வளவும் ரூ. 8,000 விலையுள்ள நல்ல கருவியிலேயே கிடைத்துவிடுகின்றன. பிறகு எதற்கு இரண்டரை லட்சம்? அதற்கும் விடையுண்டு; மறைத்தல் தகாது. உயர்ந்த கருவியில் காட்சி ஓரம்வரை கூர்மையாக இருக்கும்; எங்களுடையதில் நடுவில் மட்டும் கூர்மை, ஓரம் சற்றுக் கரையும். வெண்கொக்கு வானத்தின்முன் நிற்கும்போது அதன் விளிம்பில் எங்கள் கருவி மெல்லிய ஊதாக் கோடு ஒன்றைக் காட்டும். உயர்ந்ததில் அது அநேகமாக இராது. உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பி மூடியிருப்பதால் மழையும் பனியும் புகா. நாள்தோறும் எட்டு மணி நேரம் காட்டில் பணி செய்யும் ஆராய்ச்சியாளருக்கு இவையெல்லாம் ஆடம்பரமல்ல. எங்களுடைய முதற்கட்சியைச் சேர்ந்த நண்பர் பிற்பாடு தம் சொந்தப் பணத்தில் அத்தகைய ஒன்றை வாங்கினார். ஒரு மாலை, சூரியன் மறைந்து அரை மணிக்குப் பின், கரையோர மரத்தில் ஆந்தை ஒன்று அமர்ந்திருப்பதை அவர் கண்டு சொன்னார். அவருடையதில் கண்ணும் அலகும் தெரிந்தன. எங்களுடையதில் கிளை தடித்திருப்பதாக மட்டும் தோன்றிற்று. அதனை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், ஆந்தை அரை மணி நேரத்து வித்தியாசம். இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளிலிருந்து எட்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் போனால் குருடன் கண் பெற்றாற்போன்ற மாற்றம். எட்டிலிருந்து முப்பதாயிரத்துக்குப் போனால் பழகிய கண் உணரும். முப்பதாயிரத்திலிருந்து இரண்டரை லட்சத்துக்குப் போனால், உணர்வதற்கு அந்தி வேண்டும், மழை வேண்டும், அல்லது ஓரத்தை உற்றுப் பார்க்கும் சுபாவம் வேண்டும். டில்லியின் குளிர்காலத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. கார்த்திகை மார்கழியில் புகையும் மூடுபனியும் சேர்ந்து கவிந்திருக்கும்போது இடையில் நிற்பது காற்று, கண்ணாடியன்று. எவ்விலைக் கருவியும் அதனை ஊடுருவாது. அத்தகைய காலையில் நண்பரும் நாங்களும் சமமாகவே ஒன்றும் காணாமல் நின்றிருக்கிறோம்.

இறுதியில் வழக்கைத் தீர்த்தது இக்கணக்கு எதுவுமன்று. பிள்ளைகள் பதினான்கு பேர். ஒரே கருவியானால் வரிசை. ஒருவர் பார்க்கும்போது பதின்மூவர் நிற்க வேண்டும். முறை வருவதற்குள் வாத்து பறந்துவிடும். நன்கொடை கொடுத்தவரே அதைச் சொன்னார்: “வரிசையில் நிற்கத்தான் இந்த ஊருக்கு வந்த நாள்முதல் நிற்கிறோமே.” அதற்குமேல் யாரும் பேசவில்லை. இருவருக்கு ஒன்று என்ற கணக்கில் ஏழு போர்ரோ கருவிகள் வாங்குவது என்று தீர்ந்தது.

வாங்குவதற்குக் கடைக்கு நேரில் சென்றோம். இதனை வற்புறுத்திச் சொல்கிறோம். ஒரே கம்பெனியின் ஒரே வகையில்கூட ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கும். இரு குழல்களும் ஒரே திசையை நோக்க வேண்டும். சிறிது கோணினாலும் கண்கள் இரண்டும் இழுத்துக் கட்டிச் சேர்க்க முயன்று பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். இதனை அறிய, தூரத்து மின்கம்பத்தையோ கட்டட விளிம்பையோ பார்த்துவிட்டு, கருவியை மெல்லக் கண்ணிலிருந்து சில அங்குலம் விலக்குங்கள். இரு வட்டங்களிலும் கம்பத்தின் குறுக்குச்சட்டம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பத்தை எடுத்துப் பார்த்து ஒன்றைத் தள்ளினோம். கடைக்காரருக்கு முகம் சுளித்தது. எனினும் மாற்றிக் கொடுத்தார்.

மூக்குக் கண்ணாடி அணிவோர் கண்ணுக்கும் வில்லைக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். 15 மில்லிமீட்டராவது தள்ளிக் கண் வைத்தாலும் முழுவட்டம் தெரிய வேண்டும். இல்லையேல் சாவித்துவாரத்தின் வழியே பார்ப்பதுபோல் இருக்கும். ரப்பர் விளிம்பைக் கீழே மடித்தோ திருகியோ வைத்துக்கொண்டு, கண்ணாடியோடேயே பார்த்துச் சோதியுங்கள். வலப்பக்க வில்லையின் அருகே தனியாகத் திருகும் வளையம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும்; பின் இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தால் வலக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒருமுறை செய்துவிட்டால் போதும். இதனைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் மங்கலாகப் பார்த்துவிட்டுக் கருவியைக் குறை கூறுவோர் உண்டு.

எங்களுக்கும் ஒரு தவறு நேர்ந்தது. வீட்டுக்கு வந்தபின் பிள்ளைகளுள் மிகச் சிறியவர்கள் நால்வர் தங்களுக்கு இரண்டு இரண்டு வட்டமாகத் தெரிகிறது என்றார்கள். பெரிய கருவிகளின் குழல்களை எவ்வளவு மடக்கினாலும் 56 மில்லிமீட்டருக்கு உட்பட்டு நெருங்குவதில்லை. அச்சிறுவர்களுடைய கண்களின் இடைவெளி அதைவிடக் குறைவு. பிள்ளைகளுக்காக வாங்கப் போனவர்கள் பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துச் செல்லவில்லை! மறுநாளே இரண்டைத் திருப்பிக் கொடுத்து, குழல் நெருங்கி வரும் 8×25 சிறு வகையில் இரண்டு வாங்கினோம். வெளிச்சம் சற்றுக் குறைவு, சுமையும் குறைவு. மிஞ்சிய தொகையில் பறவைப் படப் புத்தகம் ஒன்றும், ஈரம் உறிஞ்சும் சிலிகாப் பொட்டலங்களும் வாங்கியும் ஏழாயிரத்துச் சொச்சம் மீதமிருந்தது.

சிலிகாவைச் சொன்னோம். கடலோர நகரங்களில் இருக்கும் நேயர்களுக்கு இது முக்கியம். டில்லியில் எங்களுக்குப் பகை புழுதி; மும்பையிலும் கொல்கத்தாவிலும் பகை ஈரம். ஆடி ஆவணி மழையில் அலமாரிக்குள் பூட்டிவைத்த கருவியின் உள்வில்லையில் வலைபோல் பூசணம் படர்ந்துவிடும், பூச்சையே தின்றுவிடும். இறுக மூடும் டப்பாவில் சிலிகாவோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். மலிவான போர்ரோ வகை பெரும்பாலும் நீர்புகாதது அன்று. ஆகையால் மும்பையில் இருப்பவர், முடிந்தால், எங்கள் யோசனையைச் சற்று மீறி, ரூ. 15,000 அளவில் மூடி அடைத்த நேர்க்குழல் ஒன்றை வாங்குவது நன்று. 2015-இல் பூநாரைகளுக்கென்று சரணாலயமான தானே கழிமுகத்தில், சேற்றுப் பரப்புக்கு அப்பால் தொலைவில் நிற்கும் பறவைகளைப் பார்க்க 10 மடங்கும் உதவும். கொல்கத்தாக்காரருக்கு, ஹௌராவில் சாந்த்ராகாச்சி ஏரி வீடுகளுக்கு நடுவிலேயே இருப்பதால் 8 மடங்கு தாராளம். பரத்பூரில் கேவலாதேவ் வனத்துக்குப் போகிறவருக்கும் அவ்வாறே. மஞ்சள் மூக்கு நாரைகள் பாதைக்கு அருகிலுள்ள மரங்களிலேயே கூடு கட்டுகின்றன.

வில்லையைத் துடைப்பதில் நம்மவருக்குத் துணிவு அதிகம். மேல்துண்டின் முனை, புடைவைத் தலைப்பு, எது கைக்குக் கிடைத்தாலும் துடைத்துவிடுகிறோம். புழுதியில் மணல் துகள் உண்டு, துடைத்தால் கீறும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதிவிட்டு, பிறகே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். இன்னொன்று, பிள்ளைகளிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும்: பைனாகுலரால் சூரியனைப் பார்க்கலாகாது. ஒரு கணத்தில் கண் பாழாகிவிடும்.

இரவில் பார்க்கத் தடையில்லை. மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தபோது, வியாழனின் இருபுறமும் சிறு புள்ளிகளாகச் சந்திரர்கள் தெரிந்தார்கள். 1610-ஆம் ஆண்டு ஜனவரியில் கலிலியோ கண்டவை அவையே. வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை நட்சத்திரங்கள் பல பத்தாகப் பெருகின. பறவைக்கென்று வாங்கியதற்கு இது வட்டி.

இனி, சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

எங்கள் குழுவில் ஒரு சிறுவனின் பாட்டியார், வேடந்தாங்கலுக்கு அருகே ஒரு கிராமத்தில் அறுபத்தெட்டு வயதுவரை இருந்தவர். கணவர் மறைந்தபின் மகனோடு டில்லிக்கு வந்தார். மூன்றாம் மாடி, இந்தி தெரியாது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார் என்று மகன் வருத்தத்தோடு கூறுவார். அன்று பேரன் வற்புறுத்தியதால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உடன் வந்தார். கரைமேல் ஒரு கல்லில் அமர்ந்தார். பேரன் தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி, “பாட்டி, நீங்க பாருங்க” என்று கொடுத்தான்.

“எனக்கு எதுக்குடா? கீழே போட்டுடுவேன். விலை அதிகமா இருக்கும்.”

“போட்டாலும் பரவாயில்லை பாட்டி. இன்னும் ஆறு இருக்கு.”

அவர் கை நடுங்கிற்று. பேரன் அவர் முழங்கைகளைத் தன் தோள்மேல் ஊன்றிக்கொள்ளச் செய்து, சக்கரத்தைத் திருகிக் கொடுத்தான். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இது நம்ம ஏரிக்கு வர்றதாச்சே!” என்றார். கழுத்து நீண்டு, வால் ஊசிபோல் நீண்ட வாத்துகள். வேடந்தாங்கல் ஏரிக்கும் ஊசிவால் வாத்து குளிர்காலத்தில் வருவது உண்மையே. வடக்கேயிருந்து வரும் கூட்டங்களில் சில யமுனையில் தங்குகின்றன. சில தெற்கே செல்கின்றன. தம் தகப்பனார் காலத்தில் அவ்வட்டாரத்தில் தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள் என்றும், ஏரி நீர் பறவை எச்சத்தால் உரமேறி வயலுக்கு வரும் என்றும் அவர் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகள் பதினான்கு பேரும் கல்லைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஊசிவாலையும் தட்டைவாயனையும் எங்களைவிட அவர் விரைவில் பிரித்துச் சொன்னார். பெயர்கள் மட்டும் அவர் ஊர்ப் பெயர்கள்.

முதற்கட்சி நண்பர் தம் இரண்டரை லட்ச ரூபாய்க் கருவியையும் அவரிடம் நீட்டினார். பாட்டியார் அதில் ஒருமுறை பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது, ஆனால் கனமாயிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். உண்மையில் இரண்டும் அநேகமாக ஒரே எடைதான்.

இரண்டாண்டில் ஏழில் ஒன்று சேற்றில் விழுந்து கெட்டது. மீதமிருந்த பணத்தோடு சிறிது சேர்த்து அதற்குப் பதிலாக வேறொன்று வாங்கிவிட்டோம். இன்னொன்று பாட்டியாருடைய மூன்றாம் மாடிச் சன்னலில் இருக்கிறது. எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு பருந்து கூடு கட்டியிருக்கிறதாம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் மட்டும் பேரனிடம் அதனைக் கொடுத்து அனுப்புகிறார். மாலைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.